எட்டு வருடம் தாண்டிய பிக்கப், போன மாதம் எடுத்த எஃப்சி: நம்பி வாங்கலாமா?

அணைக்கட்டு விவசாயி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு அணைக்கட்டுப் பக்கம், இலவம்பாடிக்குக் கிட்டத்தில் நிலம். முள்ளுக்கத்தரி போடுகிறோம், வரப்போரம் கொஞ்சம் தென்னை. இதுவரை காயெல்லாம் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு வாடகைக் குட்டியானையில்தான் போகிறது. சீசனில் விடியற்காலை வண்டி பிடிப்பது பெரும்பாடு. லேட்டாகப் போனால் விலை இறங்கிவிடும், அதோடு வாடகையும் கொடுக்க வேண்டும். அதனால் சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கிவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். புது வண்டி எடுக்கிற அளவுக்குப் பணம் இல்லை.

ராணிப்பேட்டையில் ஒரு பொலிரோ பிக்கப் வந்திருக்கிறது. 2016 மாடல், டிஎன் 73 நம்பர், இவர் இரண்டாவது ஓனர். மீட்டரில் 1,38,000 கிலோமீட்டர். நாலரை லட்சம் சொல்கிறார், உட்கார்ந்து பேசினால் நாலேகாலுக்கு வருவார் போலத் தெரிகிறது. எஃப்சி (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆர்டிஓ ஆபீஸில் தரும் சான்று) போன மாதம்தான் எடுத்தார்கள், அடுத்த வருடம் வரை இருக்கிறது. நான் மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன் என்றதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "பிரேக் இன்ஸ்பெக்டரே பார்த்து பாஸ் பண்ணின வண்டி. அதுக்கு மேல உங்க மெக்கானிக் என்ன பார்க்கப்போறாரு?" என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் படுகிறது, எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பார்க்க வண்டி பளபளவென்று இருக்கிறது. கேபினுக்குப் புது பெயின்ட், சுற்றிலும் புது ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முழுக்கக் கறுப்பு அடித்திருக்கிறார்கள். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. வாலாஜா வரை காலியாக ஓட்டிப் பார்த்தேன், குறை தெரியவில்லை.

என் கவலை இதுதான். வேலூரில் விலை விழுந்தால் காயை வி.கோட்டா மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போவோம். பேரணாம்பட்டு தாண்டி அந்த மலைப்பாதையில் ஒரு டன்னுக்கு மேல் லோடோடு ஏறி இறங்க வேண்டும். ஓட்டப்போவது என் தம்பி. எஃப்சி இருக்கிறது என்பதை நம்பி வாங்கலாமா, இல்லை இதற்கு மேல் பார்க்க வேண்டியது இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


குடியாத்தம் லோடு எழுதியது:

அண்ணா, விலை சரியாகத்தான் இருக்கிறது. எஃப்சி எடுத்த வண்டி என்றால் பெயின்ட், டிங்கரிங், ஸ்டிக்கர், டயர், ஃபீஸ் என்று உங்களுக்கு வர வேண்டிய செலவை அவர் ஏற்கெனவே செய்துவிட்டார் என்று அர்த்தம். எஃப்சி முடியப்போகிற வண்டியை வாங்கினால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். நான் ஓட்டும் குட்டியானையும் இப்படி எஃப்சி போட்டுக் கைக்கு வந்ததுதான், நன்றாகவே ஓடுகிறது. எட்டு வருடம் வரைக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதற்கப்புறம் வருடா வருடம் காட்ட வேண்டும். அந்தச் செலவை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தம் நன்றாக இருந்தால் யோசிக்காமல் முடியுங்கள். நல்ல பிக்கப் ரொம்ப நாள் நிற்காது.


பள்ளிகொண்டா மெக்கானிக் எழுதியது:

அணைக்கட்டுத் தம்பி, முடிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். குடியாத்தம் தம்பி செலவுக் கணக்கில் சொன்னது சரி. ஆனால் நீங்கள் கேட்டது செலவைப் பற்றி இல்லை, தம்பி ஓட்டப்போகிற மலைப்பாதையைப் பற்றி. இருபது வருடத்துக்கு மேலாக லோடு வண்டி வேலைதான் பார்க்கிறேன். எஃப்சிக்கு வண்டி தயார் செய்து கொடுப்பதும் என் தொழில்தான். அதனால் எஃப்சியில் என்ன பார்க்கிறார்கள், எது பார்வைக்கே வராது என்று எனக்குத் தெரியும்.

ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், கண்ணாடி, நம்பர் பிளேட், ஸ்டிக்கர், சேசிஸ் நம்பர், டயர், ஸ்டீரிங், பிரேக், புகை சர்டிபிகேட், இன்சூரன்ஸ். இன்ஸ்பெக்டர் இவ்வளவையும் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், காலையிலிருந்து வரிசையில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே அவரால் அதுதான் முடியும். 2021இல் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அங்கே பிரேக்கை ரோலரில் ஏற்றி மெஷினே அளக்கிறது, கண்ணால் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல். இருந்தாலும் இரண்டு இடத்துக்கும் வண்டி காலியாகத்தான் போகிறது. உங்கள் வண்டி பிழைக்கப்போவது லோடில்.

காலி வண்டியில் வராத கோளாறு லோடில் வரும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பின்பக்கம் பாருங்கள். பின் ஆக்ஸிலிலிருந்து சேசிஸுக்கு ஒரு கம்பி போகும், அதன் மேல்முனையில் ஒரு சின்ன வால்வு இருக்கும். எல்எஸ்பிவி என்போம். லோடு ஏறினால் பின்பக்கம் அமுங்கும், அந்தக் கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்குக் கூடுதல் பிரஷர் போகும். காலியாக இருந்தால் பிரஷரைக் குறைத்துவிடும், இல்லாவிட்டால் பின் வீல் லாக் ஆகி வண்டி வழுக்கும். இப்போது நம் ஊரில் என்ன செய்கிறார்கள்? ஓவர்லோடு தாங்கட்டும் என்று ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சொருகுகிறார்கள். அதற்கப்புறம் ஒன்றரை டன் ஏற்றினாலும் பின்பக்கம் அமுங்காது. வண்டி இன்னும் காலிதான் என்று வால்வு நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் அரைகுறையாகப் பிடிக்கும். முழு வேலையும் முன் பிரேக் தலையில் விழும். மலை இறக்கத்தில் நாலாவது வளைவுக்குள் முன் பிரேக் சூடாகி, பெடல் கீழே போகும். இதே வண்டியைக் காலியாக எஃப்சிக்கு விட்டால் குறையே சொல்ல முடியாது. வாலாஜா வரை நீங்கள் ஓட்டியதும் காலியாகத்தானே?

அடுத்தது, நீங்கள் எழுதியதிலேயே எனக்கு உறுத்துவது அந்தச் சேசிஸ் பெயின்ட். எஃப்சிக்குச் சேசிஸ் கறுப்பு அடிப்பது வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் வண்டி ராணிப்பேட்டை வண்டி. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று நம் பக்கம் முழுக்கத் தோல் தொழில். பச்சைத் தோலை உப்புப் போட்டுத்தான் ஏற்றி வருவார்கள். அந்த உப்புத் தண்ணீர் பாடி இடுக்கு வழியாகச் சொட்டிச் சேசிஸ் மேல் நிற்கும். அப்படி ஓடின வண்டியில் துரு மேலிருந்து கீழே இறங்கும். அடியில் படுத்துப் பார்ப்பவர் கண்ணுக்குக் கறுப்பு பெயின்ட் மட்டும்தான் தெரியும். பாடியில் விரித்திருக்கும் ரப்பர் ஷீட்டைத் தூக்கச் சொல்லுங்கள். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே டார்ச் அடித்து, பின் ஸ்பிரிங் ஹேங்கர், அதாவது ஸ்பிரிங் பட்டையைச் சேசிஸோடு பிடித்திருக்கும் பிடி, இருக்கும் இடத்தை இரண்டு பக்கமும் பாருங்கள். சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துரு தின்ற இரும்பு பொத்தென்று கேட்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் பெயின்ட்டை நெம்பினால் பொருக்கு பொருக்காகப் பெயர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

அதே சேசிஸ் ஓரமாகத்தான் இரும்பு பிரேக் பைப்பும் போகிறது. உப்பு அதையும் விடாது. பைப் மேலேயும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். துணியைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். மழமழவென்று இருக்க வேண்டும். சொரசொரவென்று குழி விழுந்திருந்தால் அந்த பைப் சாதாரணமாக ஓட்டும்போது தாங்கும், முழு பலத்தோடு மிதிக்கிற அன்றைக்கு வெடிக்கும்.

லோடு டெஸ்ட் கட்டாயம் செய்யுங்கள். நெல் மூட்டையோ தேங்காயோ ஒரு டன் ஏற்றி, எடை மேடையில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி இல்லாத நேரான ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து சில முறை நன்றாக பிரேக் பிடித்து நிறுத்துங்கள். எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். உடனே இறங்கி நாலு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம், சுட்டுவிடும். இடதும் வலதும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஆறிப்போய் இருந்தால் அந்த வீலில் பிரேக் பிடிக்கவே இல்லை. ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இன்ஜினுக்கு நான் பெரிதாகப் பயப்பட மாட்டேன். சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக் கூடாது, அவ்வளவுதான். டயரில் பட்டன், அதாவது மேல் பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் எஃப்சி கிடைக்காது. அதனால் எஃப்சி அன்றைக்கு நல்ல டயர் மாட்டிவிட்டு அப்புறம் கழற்றுகிறவர்கள் உண்டு. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2218 என்றால் 2018ஆம் வருடம் 22ஆவது வாரம் தயாரானது. அட்வான்ஸ் கொடுக்கும்போதே அதையெல்லாம் போனில் போட்டோ எடுத்து வையுங்கள், டெலிவரி எடுக்கும்போது சரிபாருங்கள்.

ஓனர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: இன்ஸ்பெக்டர் காலி வண்டியைப் பார்த்தார், நான் லோடு வண்டியைப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். கோபப்பட்டால் படட்டும்.


வாலாஜா இன்சூரன்ஸ் அக்கா எழுதியது:

மெக்கானிக் அண்ணா வண்டியைச் சொல்லிவிட்டார், நான் பேப்பரைச் சொல்கிறேன். எஃப்சியைக் காகிதத்தில் பார்ப்பதோடு விடாதீர்கள் தம்பி. எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்சி எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ், டாக்ஸ், புகை சர்டிபிகேட், வண்டி மேல் ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். அங்கே இருக்கும் தேதிதான் தேதி. கட்டாத இ-சலான் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏழு வருடம் தாண்டிய வண்டி என்பதால் பசுமை வரி கட்டியிருக்கிறார்களா என்று தனியாகக் கேளுங்கள்.

லோடு வண்டிக்கு எஃப்சி விளையாட்டு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 56ஆவது பிரிவின்படி எஃப்சி இல்லாத வண்டியைச் செல்லுபடியாகும் பதிவு உள்ள வண்டியாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான். ஆகவே உயிருள்ள எஃப்சி கட்டாயம் வேண்டும், அது இருப்பதால் மட்டும் வண்டி நல்ல வண்டி ஆகிவிடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஃபைனான்ஸ் இருந்தால், கடன் முடிந்தது என்பதற்கு ஃபைனான்ஸ் கம்பெனி தரும் என்ஓசியும் படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றுங்கள். ஓனர் அசட்டையாக இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: பெயர் மாறாமல் விற்ற வண்டி விபத்தில் மாட்டினால், ஆர்சியில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டால் அவரே ஓடி வருவார். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள். கிளைம் கேட்காததற்காக அவர் சேர்த்த பிரீமியம் தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

ஆர்சியில் மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். 3000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட் வேண்டும். வி.கோட்டா ஆந்திராவில் இருக்கிறது, பெர்மிட் அங்கேயும் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.


அணைக்கட்டு விவசாயி எழுதியது:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். ஓனர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் நெல் மூட்டை என் செலவில், டீசல் என் செலவில் என்றதும் சரி என்றார். பேப்பர் எல்லாம் ஆப்பில் சரியாகவே காட்டுகிறது, ஃபைனான்ஸ் இல்லை, சலான் இல்லை.

வண்டியில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் ஒரு பட்டை கூடுதல், மற்ற பட்டைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கலரே வேறு. லோடோடு பிரேக் பிடித்தபோது வண்டி கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது. இறங்கி நீங்கள் சொன்னபடி கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன் வீல் இரண்டும் அனல் அடித்தது, பின் இடது லேசான சூடு, பின் வலதில் சூடே இல்லை. பிரேக் பைப்பில் வலப்பக்கம் ஒரு முழ நீளத்துக்குச் சொரசொரப்பு. ரப்பர் ஷீட்டைத் தூக்கினோம். வலது பின் ஹேங்கருக்கு மேலே கறுப்பு பெயின்ட் பொருக்காக வந்தது, உள்ளே செம்பழுப்புத் துரு. இடப்பக்கம் நன்றாக இருக்கிறது. முதல் ஓனர் தோல் ஏற்றினாரா என்று நேராகவே கேட்டேன். கொஞ்ச நாள் ஓடியிருக்கும், எனக்குச் சரியாகத் தெரியாது என்றார்.

மூன்றே முக்காலுக்குத் தருகிறேன் என்று இப்போது அவரே இறங்கி வருகிறார். வீட்டில் வாங்கிவிடலாம் என்கிறார்கள். சரிசெய்து ஓட்டக்கூடிய வண்டியா, விட்டுவிடவா?


குடியாத்தம் லோடு எழுதியது:

அண்ணா, தோல் வண்டி என்று தெரிந்திருந்தால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். எங்கள் ஸ்டாண்டில் தோல் ஏற்றுகிறவர்கள் டிரிப் முடிந்ததும் பாடிக்கு அடியில் பிரஷர் தண்ணீர் அடிக்காமல் வண்டியை நிறுத்த மாட்டார்கள். அப்படிக் கழுவி வைத்திருந்தால் துரு மேலோடு நின்றிருக்கும். முதல் ஓனர் யார் என்று விசாரித்துப் பாருங்கள்.


பள்ளிகொண்டா மெக்கானிக் எழுதியது:

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி. பிரேக் விஷயத்தையும் சேசிஸ் விஷயத்தையும் தனித்தனியாக வையுங்கள்.

பிரேக் எல்லாம் சரியாகக்கூடியதுதான். பின் வலது வீல் சிலிண்டர் ஜாம் ஆகியிருக்கும். இரண்டு பக்கமும் சிலிண்டர், ஷூ மாற்ற வேண்டும். ஒரு முழம்தான் சொரசொரப்பு என்று அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்ட விடாதீர்கள், பின்னால் போகும் பைப் முழுவதையும் புதிதாகப் போடுங்கள். கூடுதல் பட்டையை எடுத்துவிட்டு, எல்எஸ்பிவி கம்பியைக் கம்பெனி அளவுக்கு செட் பண்ண வேண்டும். அந்தப் பட்டை இல்லாவிட்டால் லோடு தாங்காதே என்று யாராவது சொல்வார்கள். ஆர்சியில் இருக்கும் எடைக்கு ஸ்பிரிங் தாராளமாகத் தாங்கும். தாங்காத லோடு எதுவோ அது ஓவர்லோடு, பிடிபட்டால் அபராதமே 20,000 ரூபாயிலிருந்துதான் ஆரம்பம்.

சேசிஸ்தான் முடிவு சொல்ல வேண்டும். பணத்தைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம், மூன்றே முக்கால் என்ன, மூன்றுக்குக் கொடுத்தாலும் சரி. அந்த வலது ஹேங்கர் இடத்தை, ஹேங்கருக்கு முன்னும் பின்னும் ஒரு முழத்துக்கு, வயர் பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்ட வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் கண் முன்னால். சுரண்டினதும் இரும்பு முழுசாக இருந்து, சின்னச் சின்னப் புள்ளிக் குழி மட்டும் இருந்தால் பயமில்லை. துரு எடுக்கும் மருந்து போட்டு, பிரைமர் அடித்து, அதற்கு மேல் பெயின்ட் அடித்தால் வருடக்கணக்கில் ஓடும். இடப்பக்கம் அதே இடத்தின் தடிப்போடு ஒப்பிட்டு இது மெலிந்திருந்தாலோ, ரிவெட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, பெயின்ட்டுக்கு அடியில் பிளேட் வைத்து வெல்டிங் அடித்திருந்தாலோ விட்டுவிடுங்கள். ஹேங்கர் கிட்ட வெல்டிங் அடித்த சேசிஸ் அந்த வெல்டிங் ஓரத்திலேயே திரும்ப விரிசல் விடும். லோடோடு வளைவில் ஹேங்கர் பிடுங்கினால் பின் ஆக்ஸிலே ஒரு பக்கமாகத் திரும்பிவிடும், டிரைவர் கையில் ஒன்றும் இருக்காது. மலைப்பாதைக்கு அந்த வண்டி ஆகாது. அடுத்த எஃப்சியில்கூட அது திரும்பப் பாஸ் ஆகலாம், அதனால் எஃப்சியை வைத்து என்னிடம் வாதாட வேண்டாம் என்று வீட்டிலும் சொல்லுங்கள்.

ஓனர் சுரண்ட ஒத்துக்கொண்டால் வண்டியை என் கடைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், லிஃப்டில் ஏற்றி மூன்று பேரும் சேர்ந்து பார்த்துவிடலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், பொய்கை மாட்டுச் சந்தைக்கு வரும் வண்டிகள் அன்றைக்குக் கடை வாசலில் நிற்கும், நிதானமாகப் பார்க்க முடியாது. புதன் காலை வாருங்கள், ரப்பர் ஷீட்டை முந்தின நாளே கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.